7.30 + 90 = 9.00 இல்லை

போன வாரம் கேன்டீனில் ஜூனியர் ஒருத்தன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, நீங்க கொச்சிக்குப் போய் ஃபுட்பால் மேட்ச் பார்த்தீங்களாமே. முதல் தடவை வெளியூர் மேட்ச்சுக்குப் போறவன் எதுல இருந்து ப்ளான் பண்ணணும்?"

"ரிட்டர்ன் டிக்கெட்ல இருந்து" என்றேன். அவன் சிரித்தான். ஜோக் இல்லைங்க, பட்டுத் தெரிந்துகொண்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. கொச்சி கலூரில் கேரளா பிளாஸ்டர்ஸ் - சென்னையின் எஃப்.சி. ஆட்டம். நம்ம ஊர் அணி 2015லும் 2017-18லும் ஐ.எஸ்.எல். கோப்பையை ஜெயித்தது. இரண்டு முறையும் ஃபைனல் வெளியூரில்தான். ஒரு முறை கோவா, ஒரு முறை பெங்களூரு. அப்போதெல்லாம் நான் ஸ்கூல் பையன், டிவியில் பார்த்ததோடு சரி. காலேஜ் வந்த பிறகாவது எதிரணி ஊருக்குப் போய், அவர்கள் நடுவில் உட்கார்ந்து கத்த வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வீட்டில் அனுமதி வாங்கியது தனிக்கதை. சென்னை மைதானத்துக்கும் கொச்சி மைதானத்துக்கும் ஒரே பேர். ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். "நேரு ஸ்டேடியத்துல மேட்ச்பா" என்றேன். பொய் இல்லை பாருங்க! "பெரியமேடுதானே, பத்து மணிக்குள்ள வந்துடு" என்றார் அப்பா. அப்புறம் மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். பத்து நிமிஷம் பேசவே இல்லை. கடைசியில், "தனியா போகாதே, யாரையாவது கூட்டிட்டுப் போ" என்றார்.

அந்த "யாராவது"தான் என் நண்பன். அவனுக்குத் திங்கட்கிழமை மத்தியானம் 2 மணிக்கு செமஸ்டர் பேப்பர். கார்ப்பரேட் அக்கவுண்டிங். வரமாட்டேன் என்றவனை நான்தான் எக்செல் ஷீட்டைக் காட்டிக் கரைத்தேன். பி.காம் படிக்கிறவன் வேறு எதைக் காட்டுவான்? போக: சனிக்கிழமை இரவு திருவனந்தபுரம் மெயில், காலையில் எர்ணாகுளம் நார்த். வர: சென்னைக்கு வழக்கமான மெயில் ஏழு மணி வாக்கிலேயே போய்விடும், ஆட்டமே 7.30க்குத்தான். ஆனால் ஒன்பதரை வாக்கில் இன்னொரு ரயில் இருந்தது. அதில் ஏறினால் திங்கள் காலை 10 மணிக்கு சென்ட்ரல். பரீட்சைக்கு நாலு மணி நேரம் மிச்சம்.

"7.30க்கு ஆரம்பம், 90 நிமிஷம், 9 மணிக்கு வெளியே. மெட்ரோவில் ரெண்டே ஸ்டேஷன். ஈஸி மச்சி" என்றேன். ஷீட்டில் சாப்பாடு, மெட்ரோ, டீ வரைக்கும் பைசா சுத்தமாக இருந்தது. இடைவேளை 15 நிமிஷம் மட்டும் இல்லை. இஞ்சுரி டைமும் இல்லை. எத்தனை மேட்ச் டிவியில் பார்த்திருப்பேன்? டிவியில் பார்க்கும்போது இடைவேளை என்றால் சாப்பிட எழுந்து போகிற நேரம். அது கடிகாரத்தில் ஓடுகிறது என்றே தோன்றவில்லை.

பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. நண்பனின் சொந்தக்காரர் வீட்டில் குளியல், புட்டு-கடலை, அவன் இரண்டு சேப்டர் ரிவிஷன். சாயங்காலம் மெட்ரோவில் பெட்டி முழுக்க மஞ்சள். எங்கள் நீலச் சட்டையைப் பார்த்து ஒரு பெரியவர் சேட்டன் நகர்ந்து உட்கார இடம் கொடுத்து, "தோத்தா அழக்கூடாது" என்று தமிழிலேயே சொன்னார். பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக ஜாக்கிரதை வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் நடந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் உயிரிழந்தார்கள். வெளியூர் ரசிகர்கள் தனித்தனியாகச் சிதறி உட்காராமல் ஒரே பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்வது சும்மா இல்லை. நாங்களும் சென்னையிலிருந்து வந்த கூட்டத்தோடுதான் இருந்தோம். சில வரிசை நீலம், மற்றபடி மைதானம் முழுக்க மஞ்சள்.

முதல் பாதியில் கோல் இல்லை. தொண்டை போகக் கத்தினோம். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இன்னொன்றும் போட்டார்கள். அப்போது நண்பன் வாட்சைக் காட்டினான். மணி 9. ஆட்டத்தில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி.

"நீ இரு மச்சி, நான் போய்க்கிறேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கூட்டி வந்தது நான். கணக்குப் போட்டதும் நான். எழுந்தேன். பக்கத்து சீட்டு அண்ணன் ஒருத்தர், "ரெண்டு கோலுக்கேவா தம்பி?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை.

மூன்றாவது கோலை நார்த் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் மொபைலில் பார்த்தோம். 3-0.

தோற்றது எனக்கு வருத்தமில்லை. வெளியூர் ஆட்டத்தில் தோல்வி டிக்கெட்டோடு சேர்த்து வாங்குகிற சரக்கு. கடைசி விசிலுக்கு அப்புறம் வீரர்கள் தங்கள் ரசிகர்கள் இருக்கும் பக்கம் நடந்து வந்து கைதட்டுவார்களே, மூன்று கோல் வாங்கிய பிறகும் அங்கே நின்று திருப்பிக் கைதட்ட நாலு பேர் வேண்டுமே, அந்த நாலு பேரில் ஒருத்தனாக இருக்கத்தான் நான் போனேன். ஜெயிக்கும்போது கூட நிற்க சென்னையிலேயே ஆள் இருக்கிறது. எழுநூறு கிலோமீட்டர் போய்விட்டு அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் அங்கே இல்லை.

தப்பு என்னுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். பக்கத்து மாநில அணிகள் மோதும் ஆட்டத்தை ஞாயிறு இரவு 7.30க்கு வைத்தால் வெளியூர்க்காரன் எப்படி வீடு திரும்புவான்? டிவி பணம் இல்லாமல் லீக் ஓடாது, காமர்ஸ் மாணவனுக்கு அது தெரியாதா? ஆனால் ஜெர்மனியில் பார்த்தீர்களா, திங்கட்கிழமை ஆட்டங்களை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து போராடினார்கள். 2021-22 சீசனிலிருந்து பண்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2016-17 முதல் வெளியூர் ரசிகர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டுதான் உச்ச விலை. பணம் கொழிக்கிற லீக்குகளே வெளியூர் ரசிகனையும் கணக்கில் சேர்க்கின்றன. ஏனென்றால் எதிர்ச்சத்தம் இல்லாத மைதானம் டிவியிலும் சப்பென்றுதான் இருக்கும். சென்னை-கொச்சி, சென்னை-பெங்களூரு மாதிரி ரயிலில் போய்வரக்கூடிய ஆட்டங்களைச் சனிக்கிழமையில் வைத்தாலே பாதிப் பிரச்னை தீரும். செலவில்லாத மாற்றம்.

அது நடக்கும்வரை, ஜூனியர் தம்பிக்கு என் லிஸ்ட்:

1. ஆட்டம் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம், வெளியே வர அரை மணி நேரம் என்று வை. அதற்குப் பிறகு கிளம்புகிற வண்டியைப் பார். இல்லையென்றால் இரவு தங்க இடம் பார். இது முடிந்த பிறகு மேட்ச் டிக்கெட்.

2. டிக்கெட்டை நம் ஊர் ரசிகர் கூட்டத்தோடு பேசி, அவர்கள் உட்காரும் பக்கமே வாங்கு.

3. பெரிய பை வேண்டாம். கேட்டில் நிறுத்தி வைத்தால் பைக்குக் காவலாக நீயும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

4. மறுநாள் பரீட்சை உள்ளவனைக் கூப்பிடாதே. அவனே வருகிறேன் என்றாலும் கூப்பிடாதே.

ரயிலில் அப்பர் பெர்த்தில் லைட்டைப் போட்டுக்கொண்டு நண்பன் நோட்ஸ் புரட்டினான். "ஏன்டா இப்படிப் பண்ணே" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேப்பரில் பாஸாகிவிட்டான், நல்ல மார்க் இல்லை. இன்றுவரை அதைப் பற்றி அவன் பேசியதில்லை. அடுத்த வெளியூர் மேட்ச்சுக்கு அவனை நானாகக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

பி.கு: எழுதி முடித்து முதலில் அவனிடம்தான் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "லிஸ்ட்ல நாலாவது பாயிண்ட்டை எடுத்துடு. அடுத்த தடவை சனிக்கிழமை மேட்ச்சாப் பாரு" என்றான். பாயிண்ட்டை எடுக்கவில்லை. சனிக்கிழமை மேட்ச் தேடிக்கொண்டிருக்கிறேன்.