பனிக்கு அடியில் ஜீனி!

வெள்ளைப் பட்டை விரித்தாற்போல் கிடக்கும் பனிமலையைச் சினிமாவில் பார்த்தால், "அடாடா, அங்கே போய்ச் சறுக்கி விளையாடினால் எப்படி இருக்கும்!" என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஸ்விட்ஸர்லாந்தில் விஷயம் தெரிந்தவர்கள் உடனே சறுக்கக் கிளம்புவதில்லை. முதலில் மண்வெட்டியால் பனியில் குழி தோண்டிப் பார்க்கிறார்கள்!

ஏன் தெரியுமா? மெத்தைமேல் மெத்தை போட்டாற்போல், பனி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் பெய்த மெல்லிய பனிக்குக் கீழே தரையில் குளிர் குறைவு. மேலே காற்றிலோ கடுங்குளிர். இடையே ஆவி மேலேறி, பனித் துகள்களை ஜீனிபோல் பொரபொரப்பாக்கி விடுகிறது. ஜீனி ஒன்றோடொன்று ஒட்டுமா? அதன்மேல் விழும் புதுப்பனி பலகையாக இறுகிக்கொள்கிறது. பார்வைக்குப் பரம சாது! ஒருவர் கால் வைத்ததும் அடி அடுக்கு நொறுங்க, சரிவு முழுவதும் கிளம்பிவிடும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவர்களோதான்.

குழியின் ஓரத்தில் பனியைத் தூண்போல் செதுக்கி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டுகிறார்கள். மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. லேசான தட்டுக்கே தூண் பிளந்து நழுவினால், அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. நடக்கும்போது காலடியில் 'வும்' என்று சத்தம் கேட்டாலும், பனியில் விரிசல் ஓடினாலும் அதே எச்சரிக்கைதான். முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவு என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும்.

டாவோஸ் நகரிலுள்ள பனி ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் தினந்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்து வரை படிகள், ஐந்துதான் உச்சம். உயிரிழப்பு எந்தப் படியில் அதிகம் என்று நினைக்கிறீர்கள்? நடுவிலுள்ள மூன்றில்! ஏறக்குறைய பாதி மரணங்கள் அந்த நாட்களில்தான். நான்கு, ஐந்து என்றால் பலரும் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், "பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊரிலிருந்து ஆள் வரும்வரை உயிர் காத்திருக்காது. ஆகவே, புதைந்த இடத்தைக் காட்டும் சிறு வானொலிக் கருவி, குத்திப் பார்க்க நீண்ட கோல், மண்வெட்டி மூன்றையும் ஒவ்வொருவரும் எடுத்துப் போகிறார்கள்.

இவற்றைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்று உண்டு, சகோதரிகளே. கோஷ்டியில் யாராவது ஒருத்தி, "எனக்கு மனசு ஒப்பவில்லை, திரும்பிவிடலாம்" என்றால், அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யாமல் எல்லோரும் திரும்பிவிட வேண்டும். அனுபவசாலிகள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். மலை எங்கும் ஓடிவிடாது; நாளைக்கும் அங்கேதான் இருக்கும். நாமும் இருக்க வேண்டாமா?