அச்சம் வாங்கும் ஆயுதம்

வேட்டைத் துப்பாக்கியைத் தந்தை மகனுக்கு விட்டுச் செல்வது அமெரிக்காவின் கிராமப்புறங்களில் நெடுநாள் வழக்கம். இன்று அந்நாட்டுக் கடைகளில் மக்கள் தேடிச் செல்வது கைத்துப்பாக்கியை. 2023ஆம் ஆண்டு 'பியூ' ஆய்வு மையம் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 சதவீதத்தினர் தற்காப்பையே முக்கியக் காரணமாகக் கூறினர். வேட்டையைக் கூறியோர் 32 சதவீதமே.

1852இல் தோன்றிய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தின் ரிவால்வர்கள் ஒரு காலத்தில் அங்கே கோலோச்சின. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட குளோக் பிஸ்டல், பிளாஸ்டிக் உடலும் குறைந்த எடையும் கொண்டது. அமெரிக்கக் காவல்துறையினர் அதனை இடுப்பில் செருகியதும் பொதுமக்களும் அதையே நாடினர். 15 குண்டுகள் கொள்ளும் 'குளோக் 19' நெடுங்காலம் விற்பனையின் முன்வரிசையில் நின்றது. 2018இல் வந்த 'சிக் சாவர் பி365' அதனினும் சிறியது; கைப்பையில் அடங்கிவிடும். அனுமதிச் சீட்டின்றியே ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்லப் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இடமளிப்பதால், இத்தகைய சிறு பிஸ்டல்களுக்குக் கிராக்கி மிகுதி.

வாங்குவோர் யார்? 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 இலட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆயினர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள்! கொரோனாவும் கலவரங்களும் சூழ்ந்த நாள்களில், திருடனுக்கும் அந்நியனுக்கும் அஞ்சியே பலர் கடை வாசலில் நின்றனர்.

ஆனால் அந்த ஆயுதம் யாரைக் கொல்கிறது? 2021இல் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 63 இலட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், அஃதில்லாத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. மனம் உடைந்த ஒரு நாழிகை எவருக்கும் வரலாம். பெரும்பாலோர்க்கு அது கடந்தும் போகும். கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்டல் இருந்தால் கடந்து போக அவகாசம் இல்லை.

1 முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணக் காரணங்களிலும் 2020இல் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது.

ஆயுதம் புழங்கிய சமுதாயத்தில் வாழ்ந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், உறையிலிருந்து உருவிய வாளை ஒருவருக்கொருவர் கொடுப்பதையே தடுத்தார்கள். பள்ளிவாசலிலும் கடைத்தெருவிலும் அம்புடன் செல்வோர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்றார்கள். கை தவறும், ஷைத்தான் தூண்டுவான் என்பதை அறிந்த எச்சரிக்கை அது.

நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். பேரக்குழந்தைகள் விளையாடச் செல்லும் வீட்டில் துப்பாக்கி உண்டா, அது குண்டு நீக்கிப் பூட்டப்பட்டுள்ளதா, குண்டுகள் வேறிடத்தில் பூட்டப்பட்டுள்ளனவா என்று தயங்காமல் கேட்கட்டும். அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கூறும் அறிவுரையும் இதுவே. இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.