பூ தைப்பதும் வேலைதான், கூலியைக் கணக்குப் பார்ப்போம்

துணிப்பூ தைப்பது எங்கள் பக்கத்து லயங்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட பிறகு நம் பெண்கள் இஸ்தோப்பில் பாயை விரித்து ஊசியை எடுக்கிறார்கள். சட்டைக் கழுத்தில் வைக்கும் ரோசா, கிளிப்பில் ஒட்டும் பூ, கைப்பையில் தைக்கும் பூ. டவுனிலிருந்து ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை துணி மூட்டையோடு வருவார், தைத்ததை எண்ணி எடுத்துக்கொண்டு போவார். இதைப் பற்றிக் கேட்டால் தோட்டத் தலைவர்மார் சிலர், "அது பொம்பளைங்க சும்மா இருக்கிற நேரத்துல செய்யிறது" என்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கிற நேரம் எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சாட்டின் ரோசா எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பெரிதும் சிறிதுமாக வட்டத் துண்டுகள் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றின் விளிம்பையும் மெழுகுதிரிச் சுடருக்கு மேலே காட்ட வேண்டும். செயற்கை நூல் துணி என்பதால் விளிம்பு இளகிச் சுருளும், நூல் பிரியாது. கொஞ்சம் கூடினால் கறுத்துப் போகும், அந்தத் துண்டு வீண். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மணி வைத்து, அடியில் தைத்து, பின்பக்கம் வட்டத்துணி ஒட்டி, ஊக்கு மாட்ட வேண்டும். பருத்தித் துணியாக இருந்தால் சுடர் வேலைக்கு ஆகாது. மூலைவாட்டில் நீளமாக வெட்டி, இரண்டாக மடித்து, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கிச் சுற்ற வேண்டும். கை பழகாதவர் தைத்தால் பூ சாய்ந்து நிற்கும். இது கைத்தொழில், அதில் சந்தேகமே இல்லை. காலையில் கொழுந்து எடுத்து வெடித்துப்போன அதே விரல்கள் இரவில் இந்த மெல்லிய வேலையைச் செய்கின்றன.

எங்கள் லயத்தில் நல்லாகத் தைக்கும் ஓர் அக்காவுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். வெட்டுவதிலிருந்து ஊக்கு மாட்டுவது வரை ஒரு பூவுக்கு 12 நிமிஷம். மணித்தியாலத்துக்கு 5 பூ. பூவுக்கு 8 ரூபாய். ஆக 40 ரூபாய். நூல், மெழுகுதிரி, பசை அவர் காசு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,350 ரூபாய். அதை 8 மணித்தியாலத்தால் பிரித்தால் 169 ரூபாய் அளவில் வரும். போதாது என்று நாம் சண்டை பிடித்த அந்தச் சம்பளத்தில் கால்வாசிகூட இந்தப் பூவில் இல்லை.

கழிவு வேறு. நூறு பூ கொடுத்தால் பத்தை "சரியில்லை" என்று ஒதுக்குவார், காசு இல்லை. சரியில்லாத பூவைத் திருப்பிக் கொடுக்கிறாரா? அதுவும் அவர் பையிலேயே போகிறது. நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. இங்கே அந்த அக்கா என்னிடம் சொன்னது, "வாயத் தொறந்தா அடுத்த மூட்டை வராது டீச்சர்" என்பதுதான்.

ஏதோ கையில் நாலு காசு வருகிறதே, அதையும் கெடுக்காதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. சீட்டுக்காசும் பிள்ளையின் கொப்பிச் செலவும் இந்தப் பூவிலிருந்து போகும் வீடுகள் எனக்குத் தெரியும். தைப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. விலையை அவர் மட்டுமே சொல்வது நிற்க வேண்டும் என்கிறேன்.

ஆசிரியை என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வகுப்பில் ஏழாம் ஆண்டுப் பிள்ளை விரல் நுனியில் தீக்கொப்புளத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தைக்க, மகள் சுடரில் காட்டுகிறாள். அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? 8 ரூபாய்க்குத் தைத்தால் இரண்டு கை போதாது, நான்கு கை வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். வீட்டுக்குள் பாயில் நடக்கும் வேலையை எந்த அதிகாரி வந்து பார்க்கிறார்? மெழுகுதிரி, பசை, துணிக் குவியல், எல்லாம் ஒரே காம்பராவில். ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ லயம் முழுவதையும் கொண்டுபோகும் என்பது மலையகத்தில் எவருக்குத் தெரியாது!

இது நமக்கு மட்டும் வந்த கதையும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் நியூயோர்க் நகரத்தில் இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் நெருக்கமான அறைகளில் உட்கார்ந்து தொப்பிகளுக்குத் துணிப்பூ செய்தன. தாயும் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருப்பதை லூயிஸ் ஹைன் என்பவர் படம் பிடித்தார். அங்கே கூலி 'குரோஸ்' கணக்கில், அதாவது 144 பூவுக்கு இவ்வளவு என்று. மேரி வான் கிளீக் என்ற பெண் இந்தத் தொழிலை ஆராய்ந்து 1913இல் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் வேறு, காலம் வேறு, மூட்டை கொண்டுவரும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

வீட்டு வேலைக்காரர்களைச் சங்கமாக்க முடியாது என்பவர்கள் அகமதாபாத்தைப் பார்க்கட்டும். 1972இல் இலா பட் அங்கே தொடங்கிய சேவா சங்கத்தில் வீட்டில் பீடி சுற்றும் பெண்களும் துணி தைக்கும் பெண்களும் சேர்ந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் விடாமல் கேட்டதால்தான் 1996இல் சர்வதேச தொழில் அமைப்பு வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென 177ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. வீட்டில் செய்பவருக்கும் சங்கம் சேரும் உரிமை, கூலி, பாதுகாப்பு, சமூகப் பாதுகாப்பு, பிரசவ உதவி எல்லாவற்றிலும் மற்றத் தொழிலாளர்களைப் போல நடத்த வேண்டும் என்கிறது அது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. நம் சங்கம் மே தினக் கோரிக்கைகளில் இதையும் சேர்க்க வேண்டும். நம் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் துண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் மூட்டைக்காரர் "நான் முதலாளி இல்லை, அவங்க சொந்தத் தொழில் செய்யிறாங்க" என்று சொல்லித் தப்பிக்கொள்கிறார். துணி அவருடையது, மாதிரி அவருடையது, விலை அவருடையது, தொழில் மட்டும் எப்படி நம்முடையதாகும்?

தையல் பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூ தைக்கக் கற்றுக்கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறீர்கள். அடுத்த தடவை விலை போடவும் கற்றுக்கொடுங்கள்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் தைக்கிறார்கள் என்றால், மூட்டை வரும் நாளில் பத்துப் பேரும் ஒன்றாக நின்று விலை கேட்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் அவருடைய மூட்டை பக்கத்துக் காம்பராவுக்குப் போகும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நூலும் பசையும் அவர் தர வேண்டும், ஒதுக்கிய பூ நம் கையில் திரும்பி வர வேண்டும் என்பவற்றை முதலில் கேளுங்கள். இரண்டும் அவருக்குப் பெரிய செலவு இல்லை, மறுக்கக் காரணம் சொல்வது கஷ்டம்.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு கொப்பி கொண்டுவாருங்கள். திகதி, வாங்கிய துண்டு, கொடுத்த பூ, கழித்தது, கிடைத்த காசு, உட்கார்ந்த மணித்தியாலம், இவ்வளவும் ஒரு மாசத்துக்கு எழுதினால் போதும். எழுதத் தெரியாத அம்மாமார் என்னிடம் வந்து சொன்னால் நான் எழுதித் தருகிறேன். நூல் வாங்கிய கடைத் துண்டையும் தொலைக்காமல் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.