சைக்கிள் கொடுத்தீர்கள், ரோடு எங்கே?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து தொழிலாளிகள் வெளியே வருகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்று பாருங்கள். நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி பஸ் காத்திருக்கிறது. காண்டிராக்ட் தொழிலாளிகளில் பலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் நடக்கிறார்கள், அல்லது பழைய சைக்கிளை மிதிக்கிறார்கள். ஆறு வழி ரோட்டின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இரண்டு முழ இடம். அவர்களுக்கு விடப்பட்டிருக்கும் ரோடு அதுதான். பக்கத்தில் ஒரு டிரெயிலர் லாரி பாய்ந்தால் காற்று இழுக்கிறது, ஹேண்டில்பார் ஆடுகிறது, உயிர் ஒரு கணம் தொண்டைக்கு வந்து போகிறது.

அதே நேரத்தில் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பறிக்கவும், ஓசூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரோஜாப்பூ அறுக்கவும் பெண்கள் கிளம்புகிறார்கள். அவர்களுக்கும் அதே ரோட்டோரம்தான்.

லாரி செய்யும் ஊர் ஓசூர். மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் கைக்கடிகாரமும் செய்யும் ஊர். உலகத்துக்கு வண்டி செய்து கொடுக்கும் கைகள், வேலை முடிந்து வீடு திரும்ப ஒரு கஜ அகலப் பாதை இல்லாமல் தவிக்கின்றன. இது என்ன நியாயம்?

ஓசூரையும் சூளகிரியையும் கிருஷ்ணகிரியையும், இந்த ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களையும் இணைத்துத் தனியாக ஒரு சைக்கிள் பாதை வேண்டும். இது பொழுதுபோக்குக்கான வேண்டுகோள் அல்ல. உழைப்பவனின் உயிர்ப் பிரச்னை.

ரோடு யாருக்கு?

44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை வடக்கே ஸ்ரீநகரிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை ஓடுகிறது. அதில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சுமார் 50 கிலோ மீட்டர். இந்த ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இதில் போகும் சரக்கில் பெரும் பங்கு நாம் செய்த சரக்கு, நாம் விளைவித்த காய்கறி. ஆனால் ரோட்டை அகலப்படுத்தியபோது யாரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்? லாரியை எடுத்துக்கொண்டார்கள். காரை எடுத்துக்கொண்டார்கள். வீடு ஒரு பக்கமும் கழனி மறு பக்கமும் இருக்கிற கூலித் தொழிலாளியை மறந்தார்கள்.

இந்த மறதியின் விலை என்ன? மத்திய போக்குவரத்து இலாகாவே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் ரோட்டு விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர். இரண்டையும் கூட்டினால் 37,661. அதாவது நாளொன்றுக்கு 100-க்கு மேற்பட்டவர்கள். இவர்களில் மில் முதலாளி எத்தனை பேர் இருப்பார்? மந்திரி எத்தனை பேர் இருப்பார்? சாவது நம் ஜனங்கள். இதைத் தலைவிதி என்று சொல்லிப் பிணத்தை எடுத்துப் போகும் காலம் முடிய வேண்டும்.

"இப்போது யார் சைக்கிளில் போகிறார்கள்?"

மகஜர் கொண்டுபோனால் அதிகாரிகள் இப்படித்தான் கேட்பார்கள். எல்லோரும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்களாம்!

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு பதில் சொல்கிறது. விவசாயம், குடிசைத் தொழில் நீங்கலாக மற்ற வேலைகளுக்குப் போகிறவர்களில் 100-க்கு சுமார் 23 பேர் நடந்தே போனார்கள்; 13 பேர் சைக்கிளில் போனார்கள். மூவரில் ஒருவருக்கு மேல் சொந்தக் கால் பலத்தில் வேலைக்குப் போனவர்கள். கழனி வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் பலர் சைக்கிளை விட்டது உண்மை. ஏன் விட்டார்கள்? ஆசைப்பட்டா? பயந்து விட்டார்கள். லாரிக்குப் பயந்து, தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து, சம்பளத்தில் ஒரு பங்கைத் தவணைக்கும் இன்னொரு பங்கைப் பெட்ரோலுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாம்புக்குப் பயந்து ஜனங்கள் ஒற்றையடிப் பாதையை விட்டுவிட்டால், "இந்த வழியில் ஆள் நடமாட்டமே இல்லையே" என்று சொல்வதா? பாம்பை அடிப்பதா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவிகள் எல்லோருக்கும் விரிந்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சைக்கிளை எந்த ரோட்டில் ஓட்டுவது? பெண்ணை டிரெயிலர் லாரிக்குப் பக்கத்தில் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

1962-ம் ஆண்டின் புத்தகம்

ஏதோ புதுமையான கோரிக்கையை எழுப்புவதாக யாரும் நினைக்க வேண்டாம். சர்க்கார் இஞ்சினியர்கள் பின்பற்றும் விதிகளை வகுக்கும் ஸ்தாபனம் இந்திய ரோடு காங்கிரஸ். அது 1962-ம் ஆண்டிலேயே சைக்கிள் பாதைக்கென்று தனி விதிப் புத்தகம் போட்டது. 2015-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டது.

அந்த 1962-ம் ஆண்டுப் புத்தகம் சொன்னது என்ன? ஒரு ரோட்டில் மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடினால், அங்கே மணிக்கு 100 சைக்கிள் போனாலும் போதும், தனிப் பாதை போடுவது நியாயம் என்று சொன்னது. நூறே சைக்கிள்! இன்று 44-ம் நம்பர் ரோட்டில் 200 வண்டி கடக்க ஒரு மணி நேரமா ஆகிறது? ஷிப்டு விடும் நேரத்தில் சிப்காட் கேட்டுகளில் 100 சைக்கிள் தேறாதா? அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நியாயம் அலமாரியில் தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப வேண்டியது நாம்தான்.

மற்ற இடங்களில் நடந்தது

சைக்கிள் பாதை போட நாட்டில் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோ மீட்டர் சைக்கிள் பாதையை 2016 நவம்பரில் திறந்தார்கள். செலவு சுமார் 134 கோடி ரூபாய் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கிலோ மீட்டருக்கு ஏறத்தாழ 65 லட்சம். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது தெரியுமா? சிங்கப் பூங்காவில் தொடங்கி தாஜ்மகாலில் முடிந்தது! சுற்றுலாக்காரனை நினைத்துப் போட்ட பாதை. 2017-ல் மந்திரிசபை மாறியது. பாதை கவனிப்பாரற்றுப் போனதென்று பின்னால் செய்திகள் வந்தன.

ஹைதராபாத்தில் 2023-ல் வெளி வட்ட ரோட்டை ஒட்டி 23 கிலோ மீட்டர் பாதை திறந்தார்கள். மேலே சூரிய மின்சாரத் தகடு வேய்ந்த கூரை! வெயில் படாமல் போகலாம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த பகுதி அது. அவர்களுக்குக் கூரை போட்ட பாதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெயிலில் காயும் நமக்குத் தரையாவது வேண்டும் என்கிறோம்.

பக்கத்திலுள்ள பெங்களூரில் 2020-ல் வெளி வட்ட ரோட்டில் கோடு போட்டுக் கம்பம் நட்டு சைக்கிளுக்கு வழி பிரித்தார்கள். கம்பங்கள் பெயர்ந்தன, மோட்டார் வண்டிகள் புகுந்தன. வெறும் கோடு பாதை ஆகாது என்பது அங்கே கற்ற பாடம்.

வெற்றி பெற்ற கதை எது? ஹாலந்து தேசத்தில் 1971-ல் ரோட்டு விபத்துகளில் 3,300 பேர் இறந்தார்கள். 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற கோஷத்தோடு தாய்மார்களும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்தார்கள், ரோட்டை மறித்தார்கள். இன்று உலகமே புகழும் அந்நாட்டு சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தக் கிளர்ச்சி இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் கைக்குக் கொண்டுவந்தது. கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் கற்றார்கள். 1992-ல் 70,000-க்கு மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். கேலி பேசியவர்கள் வாயடைத்து நின்றார்கள். ஜனங்கள் தாமே முன்வந்த காரியம் நிலைக்கும். மேலிருந்து இறங்கிய காரியம் மந்திரியோடு போகும்.

எங்கே போடுவது?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரே மூச்சில் யாரும் வேலைக்கு மிதிக்கப் போவதில்லை. நமக்கு வேண்டியது ஐந்து கிலோ மீட்டர், பத்து கிலோ மீட்டர் துண்டுகள். வீட்டிலிருந்து வேலைக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு. அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று கைகோத்தால் அதுவே ஊர்களை இணைக்கும் பாதை.

முதலில் ஓசூரிலிருந்து பேரண்டப்பள்ளி, காமன்தொட்டி வழியாகச் சூளகிரி. மறுமுனையில் கிருஷ்ணகிரியிலிருந்து குருபரப்பள்ளி. நடுவில் மேலுமலை ஏற்றம் கடினம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கிளை மத்திகிரி, கெலமங்கலம், ராயக்கோட்டை. மற்றொன்று கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டினம். கெலவரப்பள்ளி அணையின் கால்வாய்க் கரைகளும் கிருஷ்ணகிரி அணையின் கால்வாய்க் கரைகளும் இருக்கின்றன. தோதுப்படுகிற இடங்களில் அவற்றைப் பயன்படுத்தினால் ஏழை விவசாயியின் கழனியில் கை வைக்க வேண்டியதில்லை. இது முக்கியம். தொழிலாளிக்குப் பாதை போடுகிறோம் என்ற பெயரில் சிறு விவசாயியின் கால் காணி நிலத்தைப் பிடுங்கினால் அதை நாமே எதிர்ப்போம்.

பாதை லாரி ரோட்டிலிருந்து உயரத்தாலோ தடுப்பாலோ பிரிக்கப்பட வேண்டும். விளக்கு வேண்டும், இரவு ஷிப்டு விட்டு வரும் பெண்களுக்கு அதுதான் காவல். காலனியைத் தாண்டிப் போகாமல் காலனிக்குள் வந்து போக வேண்டும்.

பணம் எங்கே?

"டோல் கட்டாதவனுக்கு என்ன ரோடு?" என்று சிலர் கேட்பார்கள். டோல்கேட்டில் லாரிக்காரன் கட்டுகிற பணம் எங்கே போய் விடிகிறது? நாம் வாங்கும் அரிசியின் விலையில், பருப்பின் விலையில் விடிகிறது. நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெட்ரோல், டீசல் ஒவ்வொரு லிட்டரிலும் ரோட்டுக்கென்று தனி வரி பிடித்து மத்திய சர்க்கார் நிதி சேர்க்கிறது. தவணை மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடும் தொழிலாளியின் காசும் அதில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிக்கு அங்கிருந்து வரட்டும்.

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ சொத்தோ உள்ள கம்பெனிகள், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 100-க்கு 2 பங்கை சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். கிராம முன்னேற்றம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. இத்தனை கம்பெனிகள் உள்ள ஜில்லாவில் அந்தப் பணத்தில் ஒரு பங்கு தொழிலாளி நடக்கும் பாதைக்கு வரட்டும். இது தர்மம் அல்ல. நம் வியர்வையின் ஒரு துளி நமக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். பணம் தருவதால் பாதை எந்த வழியில் போக வேண்டும் என்று கம்பெனி தீர்மானிக்கக் கூடாது.

கிருஷ்ணகிரி கருங்கல் ஜில்லா. மலைகளை அறுத்து வெளியே அனுப்புகிறார்கள். சுரங்கம், குவாரியால் பாதிக்கப்பட்ட ஜனங்களுக்காக 2015-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி ஜில்லாவுக்கு ஜில்லா கனிம நிதி அமைக்கப்பட்டது. குடிநீர், வைத்தியம், படிப்பு போக எஞ்சுவதில் ரோடு முதலிய வசதிகளுக்கும் இடமுண்டு. குவாரிக் கிராமங்களின் கிளைப் பாதைக்கு அதைக் கேட்போம். பார்லிமெண்ட் மெம்பருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. விளக்குக்கும் சிறு பாலத்துக்கும் அதைக் கேட்போம்.

பஞ்சாயத்தின் குடிநீர்ப் பணத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது என்று பாதை போடும் முன்பே எழுத்தில் வர வேண்டும். எட்டாவாவில் நடந்தது இங்கே நடக்க வேண்டாம்.

எண்ணத் தொடங்குங்கள்!

தோழர்களே, முதல் வேலை மிகச் சுலபம். ஒவ்வொரு கேட்டிலும் ஷிப்டு விடும் நேரத்தில் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். ஒருவர் சைக்கிளையும் நடந்து போகிறவர்களையும் எண்ணட்டும். மற்றவர் மோட்டார் வண்டிகளை எண்ணட்டும். ஒரு மணி நேரம், மூன்று நாள். கிராமங்களில் விவசாயத் தொழிலாளிகள் பள்ளிக்கூட நேரத்திலும் கழனிக்குப் போகும் நேரத்திலும் இதையே செய்யுங்கள். இலவச சைக்கிளை வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர், ஏன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் போடுங்கள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நோட்டீஸ் அடியுங்கள். வடக்கிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் சகோதரர்களுக்கு இந்தியிலும் சொல்லுங்கள். லாரிச் சக்கரத்துக்குப் பாஷை தெரியாது. நமக்குள்ளும் அந்தப் பேதம் வேண்டாம். பிறகு தீர்மானங்களையும் நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் போவோம். போடப்போகும் பாதையை மேற்பார்க்கும் கமிட்டியில் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் இடம் கேட்போம்.

கலெக்டர் ஆபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறீர்களா? சைக்கிளில்தான். நூறு பேர், ஆயிரம் பேர், ஒன்றாக. அன்றைக்கு ஒரு நாளாவது அந்த ஆறு வழி ரோட்டில் லாரி நமக்காக நிற்கட்டும்!