வந்தவனைக் கேட்கும் கேள்வி

மலேசியா, சிங்கப்பூரில் வாழும் நம் தோழர்கள் பழனிக்குக் காவடி எடுக்கவும், கொடைக்கானலில் நாலு நாள் தங்கவும் வருகிறவர்கள், அப்படியே பாட்டன் பிறந்த ஊரையும் எட்டிப் பார்க்கிறார்கள். ஊரார் கேட்பதென்ன? எவ்வளவு சம்பளம், என்ன கொண்டு வந்தாய், எப்போது போகிறாய், பிறகு குரலைத் தாழ்த்தி, அங்கே எந்த ஜாதியில் பெண் எடுத்தாய் என்பதேயாகும்.

முன்பெல்லாம் கடல் தாண்டினாலே தீட்டு. 1888-ல் சீமைக்குப் புறப்பட்ட காந்தியாரை அவருடைய ஜாதியார் தள்ளி வைத்தார்கள். 1891-ல் திரும்பியவர் நாசிக்கில் முழுக வேண்டியிருந்தது. ராஜ்கோட்டில் ஜாதியாருக்கு விருந்தும் நடந்தது. அந்தச் சாஸ்திரம் இன்று எங்கே போயிற்று? வெள்ளியும் டாலரும் அதை விழுங்கிவிட்டன. ஜாதிக் கேள்வி மாத்திரம் அவற்றுக்கும் ஜீரணமாகவில்லை போலும்!

நிற்க, பணமில்லாமல் வந்தவர்களின் கதியைக் கவனிப்போம். 1964 அக்டோபரில் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்று, அம்மக்களைக் கேளாமலே இரண்டு சர்க்கார்களும் முடிவு செய்தன. ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கொடைக்கானல் மலைக்கு வந்தவர்களில் சிலர், காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கி மரம் வெட்டும் கொத்தடிமைகளானார்கள். இவர்களைப் பார்த்து "எப்போது போகிறாய்?" என்று ஆசையாய்க் கேட்பாரில்லை. "ஏன் வந்தாய், சிலோன்காரா?" என்பதுதான் கேள்வி. அதற்கடுத்தது, வழக்கம்போல், ஜாதி.

பூசத்திற்கு வரும் வெள்ளிக்காரருக்கு மாலை போடும் பழனி, கொடைக்கானல் தோழர்கள், அதே மலையில் குடியிருக்கும் இம்மக்கள் வீட்டில் கைநனைக்கவும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் முன்வருவார்களா என்று கேட்கின்றோம்.