கைக்கடிகாரத்துக்கு நீச்சல் தெரியுமா?

"50 மீட்டர் வரை தண்ணீர் புகாது" என்று பெட்டியில் போட்டிருந்தால் நீச்சலைச் சரியாக அளக்கும் என்று அர்த்தமில்லை மக்களே! அது நீரழுத்தம் தாங்கும் கணக்கு, அவ்வளவுதான்.

குளத்தின் நீளத்தையே நீந்துபவர்தான் அதற்குச் சொல்லித் தரவேண்டும். கைவீச்சையும் சுவரில் உதைத்துத் திரும்பும் அசைவையும் வைத்து எத்தனை தடவை போய்வந்தார் என்று ஊகித்துப் பெருக்குகிறது. பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால்? பல கடிகாரங்களுக்கு அது நீச்சலே இல்லை! நடுவில் நின்று கிளம்பினால் ஒரு நீளம் கூடிவிடலாம். தோலுக்கும் சென்சாருக்கும் இடையே தண்ணீர் புகுந்தால் இதயத்துடிப்பும் தப்பு. இந்த லட்சணத்தில் 'எரித்த கலோரி 412' என்று காட்டுவது அநியாயம். அதை நம்பித்தானே பலர் சாப்பிடுகிறார்கள்?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து பார்வையே மறைந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ், கைவீச்சுகளை மனசுக்குள் எண்ணியே சுவரைத் தொட்டார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலக சாதனை. மணிக்கட்டில் ஒன்றுமில்லை :-)