லண்டன் டு பாரிஸ்: டிக்கெட் போடும் முன் பாஸ்போர்ட்டைப் பாருங்க!

லண்டனில் மகள் வீடு, பாரிஸில் தம்பி வீடு. பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு, ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, தம்பியையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே’ என்று தோன்றுவது இயல்புதான். யூரோஸ்டார் ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரப் பயணம். ஆனால், பிரிட்டிஷ் விசா இருந்தால் மட்டும் அந்த ரயிலில் ஏறிவிட முடியாது.

பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தும் விலகிவிட்டது. பிரெஞ்சு அதிகாரிகளின் சோதனை லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனிலேயே நடக்கும். பேப்பர் சரியில்லை என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே குடும்பமாகப் போனாலும், அவரவர் பாஸ்போர்ட்டைப் பொறுத்து விதி மாறும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால்...

விசா தேவையில்லை. ஆனால், இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும். பிரான்ஸுக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டு 10 வருடம் முடிந்திருக்கக் கூடாது. அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

பலர் கோட்டை விடுவது முதல் விதியில்தான். 2018 செப்டம்பருக்கு முன் புதுப்பித்த பாஸ்போர்ட்டுகளில், பழைய பாஸ்போர்ட்டில் மிச்சமிருந்த மாதங்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள். உதாரணமாக, 2016 ஆகஸ்ட் 10-ல் வழங்கிய பாஸ்போர்ட்டில் காலாவதி 2027 மே 10 என்று இருக்கலாம். ஆனாலும், 2026 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு அதை வைத்து பிரான்ஸுக்குள் நுழைய முடியாது.

எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 90 நாள்கள்தான் தங்கலாம். பிரான்ஸ் மட்டுமல்ல, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே என 29 ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. போகும் நாள், திரும்பும் நாள் இரண்டும் இதில் அடங்கும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால்...

ஷெங்கன் விசா கட்டாயம். பிரிட்டனில் வேலை விசாவில் இருப்பவர், மாணவர், நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் யாராக இருந்தாலும் பொதுவாக இதுதான் விதி. அங்கேயே வசிப்பவர்கள் லண்டனில் விண்ணப்பிக்கலாம்.

விருந்தாளியாக வரும் பெற்றோர் விஷயம் வேறு. ஷெங்கன் விசாவுக்கு அவரவர் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘லண்டன் வந்து பார்த்துக்கலாம்’ என்று விட்டால், ஏன் ஊரிலேயே விண்ணப்பிக்கவில்லை என்ற கேள்விக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எனவே, கிளம்பும் முன் சென்னையிலேயே வேலையை முடிப்பது நல்லது.

* கட்டணம்: பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, 6 வயதுக்குள் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி.
* பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்கள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும்.
* 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவசியம்.
* லண்டனுக்குத் திரும்பி வர, பிரிட்டிஷ் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் பாருங்கள்.

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால்...

ஹோட்டல் புக்கிங் வேண்டாம். ஆனால், பிரான்ஸில் இருக்கும் உறவினர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற வரவேற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் 30 யூரோ. ஒரிஜினலையே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதால் தபால் நாள்களையும் கணக்கில் வையுங்கள்.

விரல்ரேகை, முகப்பதிவு

2025 அக்டோபர் 12 முதல் ‘இ.இ.எஸ்’ என்ற பதிவு முறை படிப்படியாக வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களின் முகத்தைப் படமெடுத்து, விரல்ரேகையும் பதிவார்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விரல்ரேகை இல்லை. இதற்குக் கட்டணம் கிடையாது.

‘எட்டியாஸ்’ என்பது வேறு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் போல விசா தேவைப்படாதவர்களுக்கான ஆன்லைன் அனுமதி அது. 2026-ன் கடைசி மாதங்களில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கட்டணம் 20 யூரோ. ‘நாங்க எடுத்துத் தர்றோம்’ என்று அதிகமாகக் கேட்கும் தளங்களிடம் ஏமாறாதீர்கள். அதிகாரபூர்வ தளத்தின் முகவரி ‘யூரோப்பா டாட் இ.யூ’ என்று முடியும்.

பையில் என்ன?

பிரிட்டனிலிருந்து இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை. தம்பிக்கென்று நெய் பாட்டில் எடுத்து வைத்திருந்தால் லண்டனிலேயே வைத்துவிடுங்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். பிரெஞ்சு அரசின் விசா தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். முதலில் பாஸ்போர்ட், அடுத்து சான்றிதழும் விசாவும், கடைசியில் டிக்கெட். இந்த வரிசை மாறினால் காசும் போகும், பயணமும் போகும்.